தெற்கு லண்டனில் குடியேறும் நம்மவர்களுக்கு: சதக் திருமண்டலத்தில் ஆலயம், பள்ளிப் படிவம், கல்யாணம்

டூட்டிங், மிச்சம், குரோய்டன், நியூ மால்டன் பக்கம் வீடெடுத்து வரும் தமிழ்க் குடும்பங்களில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களும் இலங்கைத் திருச்சபைக் குடும்பங்களும் கணிசம். வந்த புதிதில் யாரும் திருமண்டலத்தைப் பற்றி, அதாவது ஒரு பேராயரின் கீழ் வரும் ஆலயங்களின் வட்டாரத்தைப் பற்றி, யோசிப்பதில்லை. பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்கும்போதோ, தம்பிக்கோ தங்கைக்கோ கல்யாணத் தேதி குறிக்கும்போதோதான் அவசரம் பிடிக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்துக்காக அலைந்தபோது ஒவ்வொரு மேசையிலும் பாதித் தகவல்தான் கிடைத்தது. மீதிப் பாதி அடுத்த மேசையில் இருக்கும், அங்கே அப்பாயின்ட்மென்ட் அடுத்த மாதம். நீங்களாவது அப்படி அலையாமல் இருக்க இதை வரிசையாக எழுதுகிறேன்.

ஊரில் எல்லாமே சபை உறுப்பினர் பட்டியலையும் சந்தாவையும் வைத்து நடக்கும். இங்கே அப்படி இல்லை. உங்கள் வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறது, கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது, இந்த இரண்டையும் வைத்துத்தான் பெரும்பாலான வேலை நடக்கும். பள்ளி விஷயத்தில் மட்டும் மூன்றாவதாக ஒன்று சேரும்: ஞாயிற்றுக்கிழமை வருகை.

வரலாறு தேவைப்படும் அளவுக்கு: சதக் (Southwark) இங்கிலாந்துத் திருச்சபையின் திருமண்டலம், 1905-ல் தனியாகப் பிரிந்தது, கதீட்ரல் லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனை ஒட்டி இருக்கிறது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

1. உங்கள் பாரிஷ் எது என்று கண்டுபிடியுங்கள்

இங்கிலாந்தில் ஒவ்வொரு வீடும் ஏதோ ஒரு பாரிஷின் (ஓர் ஆலயத்தின் பொறுப்பில் வரும் பகுதியின்) எல்லைக்குள்தான் இருக்கிறது. வீட்டில் இருப்பவர் எந்த மதம் என்பது கணக்கில்லை. இங்கிலாந்துத் திருச்சபை நடத்தும் ‘எ சர்ச் நியர் யூ’ என்ற தளத்தில் போஸ்ட்கோடைப் போட்டால் உங்கள் பாரிஷ் ஆலயம் எது என்று வந்துவிடும்.

நம்மவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஆலயம் உங்கள் பாரிஷ் ஆலயமாக இருக்க வேண்டும் என்று இல்லை. எல்லைக்கோடு தெருவின் நடுவே போகும். எதிர் வரிசை வீடுகள் வேறு பாரிஷில் இருக்கும். எந்த ஆலயத்துக்கு வேண்டுமானாலும் ஆராதனைக்குப் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். கல்யாண உரிமை என்று வரும்போதுதான் எல்லையைப் பார்ப்பார்கள்.

‘லண்டன்’ என்று பொதுவாகச் சொன்னாலும் திருமண்டலம் மாறும் என்பதைக் கவனியுங்கள். தேம்ஸுக்குத் தெற்கே பெரும்பகுதியும் கிழக்கு சர்ரேயும் சதக்கில் வரும். ஹாரோ, வெம்பிளி எல்லாம் லண்டன் திருமண்டலம். ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் செல்ம்ஸ்ஃபோர்ட் திருமண்டலம். பிராம்லி பக்கம் போனால் ரோசெஸ்டர். ஈஸ்ட் ஹாமில் இருக்கும் சித்தப்பா சொன்ன விவரத்தில் சட்டப் பகுதி உங்களுக்கும் பொருந்தும், ஏனென்றால் சட்டம் இங்கிலாந்து முழுக்க ஒன்றுதான். ஆனால் அவர் தரும் அலுவலக முகவரியும் தொலைபேசி எண்ணும் உங்களுக்குப் பயன்படாது.

அடுத்து, யாரிடம் எதைக் கேட்பது. பாரிஷில் பொறுப்பானவர் விக்கர். சில இடங்களில் ரெக்டர், சில இடங்களில் பிரீஸ்ட்-இன்-சார்ஜ் என்று பலகையில் இருக்கும். உங்களுக்கு மூவரும் ஒன்றுதான். அவரோடு இரண்டு சர்ச் வார்டன்கள், பி.சி.சி. என்கிற பாரிஷ் கமிட்டி. பல பாரிஷ்கள் சேர்ந்தது டீனரி, அதற்கு ஒரு ஏரியா டீன். அதற்கு மேல் ஆர்ச்டீக்கன். அதற்கும் மேல் கிங்ஸ்டன், வூலிச், குரோய்டன் என்று மூன்று பகுதிகளுக்கும் தனித்தனிப் பகுதிப் பேராயர்கள். எல்லாருக்கும் மேலே சதக் பேராயர்.

ஊரில் எது நடக்கவில்லை என்றாலும் பேராயர் இல்லத்துக்கு ஒரு நடை போய்வருவது நம் வழக்கம். இங்கே அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கல்யாணம், ஞானஸ்நானம், பள்ளிக் கையெழுத்து மூன்றும் விக்கர் கையில்தான். பேராயர் அலுவலகத்துக்கு எழுதினால் ‘உங்கள் விக்கரைப் பாருங்கள்’ என்று மரியாதையான ஒரு பதில் வரும்.

விக்கர் மாறிப்போய் இடம் காலியாக இருக்கும் பாரிஷ்களும் உண்டு. மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும். அந்த நேரத்தில் விக்கர் முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். சர்ச் வார்டனைப் பிடியுங்கள், அதிலும் பதில் இல்லையென்றால் ஏரியா டீன். ஞாயிறு ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும் நேரத்தில் நேரில் போய்ப் பேசுவது மின்னஞ்சலைவிட வேகமான வழி.

2. ஊரிலிருந்தே கொண்டுவர வேண்டிய காகிதங்கள்

இன்னும் விமானம் ஏறவில்லையென்றால் இந்தப் பகுதிதான் உங்களுக்கு அதிகம் பயன்படும். இங்கே வந்தபிறகு ஒரு ஞானஸ்நானச் சான்றிதழுக்காக மாமாவைப் பாளையங்கோட்டைக்கும் நாசரேத்துக்கும் அலையவிட வேண்டிவரும்.

கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாருக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ், மூலப் பிரதி. பெரியவர்களுக்குத் திடப்படுத்தல் சான்றிதழ். திருமணமானவர் என்றால் திருமணச் சான்றிதழ். முன்பு விவாகரத்து ஆனவர் என்றால் நீதிமன்றத் தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகல். துணையை இழந்தவர் என்றால் இறப்புச் சான்றிதழும் பழைய திருமணச் சான்றிதழும். தமிழில் மட்டும் இருக்கும் எதற்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்பார்கள்.

பெயரைக் கவனியுங்கள். ஞானஸ்நானப் பதிவில் ‘சா. தானியேல்’, பள்ளிச் சான்றிதழில் ‘டேனியல் ராஜ்’, பாஸ்போர்ட்டில் ‘டேனியல் ராஜ் சாமுவேல்’ என்று மூன்று விதமாக இருப்பது நமக்கு சாதாரணம். இங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அது மூன்று ஆட்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்களுக்கு இன்னும் குழப்பம். மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஆயர் லெட்டர்ஹெட்டில், பாஸ்போர்ட் எழுத்துகளை அப்படியே எடுத்தெழுதி, ஆலய முத்திரையோடு ஒரு கடிதம் தந்தால் நல்லது. அது சட்ட ஆவணம் இல்லை, ஆனால் பாரிஷ் மட்டத்தில் பேச்சை முடித்துவைக்கும்.

இன்னொரு கடிதம் இதைவிட முக்கியம்: வருகைக் கடிதம். நம் ஆயர்கள் வழக்கமாக எழுதுவது ‘இவர் எங்கள் சபையின் நல்ல அங்கத்தினர், கர்த்தர் இவரை ஆசீர்வதிப்பாராக’ என்ற வகை. ஆசீர்வாதம் நல்லதுதான், ஆனால் இங்கே பள்ளிப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. எந்த மாதம் எந்த வருடத்திலிருந்து எதுவரை வந்தார், மாதத்துக்கு எத்தனை ஞாயிறு வந்தார், பிள்ளையும் கூட வந்ததா என்பதை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆயரின் மின்னஞ்சல் முகவரியும் அதில் இருக்கட்டும், சரிபார்க்க எழுதுவார்கள்.

3. எலெக்டோரல் ரோலில் பெயர் சேருங்கள்

இது தேர்தல் வாக்காளர் பட்டியல் இல்லை, பாரிஷின் உறுப்பினர் பட்டியல். ஒரு பக்கப் படிவம், கட்டணம் கிடையாது. 16 வயது நிறைந்திருக்க வேண்டும், ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும்.

சி.எஸ்.ஐ. ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் (இங்கிலாந்துத் திருச்சபையோடு இணைந்த சபைகளின் கூட்டில்) சேர்ந்தது. இலங்கைத் திருச்சபையும் அப்படியே. ஆகவே பாரிஷ் எல்லைக்குள் குடியிருந்தால் காத்திருப்பு இல்லாமல் உடனே பெயர் சேர்க்கலாம். எல்லைக்கு வெளியே இருந்து வருகிறவர் என்றால் ஆறு மாதம் வழக்கமாக ஆராதனைக்கு வந்திருக்க வேண்டும். மெதடிஸ்ட், லுத்தரன், பெந்தெகொஸ்தே போன்ற சபையிலிருந்து வருகிறவர்களும் ஆறு மாதம் வந்திருந்து, இங்கிலாந்துத் திருச்சபையின் அங்கத்தினராகவும் தன்னை அறிவித்துக் கையெழுத்திட்டால் சேரலாம். திரித்துவப் பெயரில் பெற்ற ஞானஸ்நானம் போதும், மறுபடி எடுக்கச் சொல்லமாட்டார்கள்.

பட்டியல் ஒவ்வொரு வருடமும் வருடாந்திரக் கூட்டத்துக்கு முன் திருத்தப்படும்; அந்தக் கூட்டம் மே 31-க்குள் நடந்தாக வேண்டும். திருத்தம் முடிந்ததிலிருந்து கூட்டம் முடியும்வரை புதுப் பெயர் ஏற்றமாட்டார்கள். ஆறு வருடத்துக்கு ஒருமுறை பழைய பட்டியலைத் தூக்கிப்போட்டுப் புதிதாக எழுதுவார்கள். கடைசியாக 2025-ல் எழுதினார்கள், அடுத்தது 2031. அந்த வருடம் மறுபடி படிவம் நிரப்பாவிட்டால் பெயர் போய்விடும், இருபது வருடம் வந்தவராக இருந்தாலும்.

சந்தா பற்றிக் கேட்பார்கள் என்று பயப்பட வேண்டாம். கட்டாய வசூல் எதுவும் இல்லை. காணிக்கை உங்கள் விருப்பம். நீங்கள் இங்கே வருமான வரி கட்டுகிறவர் என்றால் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் ஆலயத்துக்குச் சேர்த்துக் கொடுக்கும், உங்களுக்குச் செலவில்லை.

ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்க ஆசையிருந்தால் முதல் வாரமே ஆரம்பித்துவிட முடியாது. டி.பி.எஸ். என்ற போலீஸ் பின்னணிச் சரிபார்ப்பும் இணையவழிப் பாதுகாப்புப் பயிற்சியும் முடிய வேண்டும். இரண்டையும் தன்னார்வலருக்கு இலவசமாகச் செய்துதருவார்கள். சமீபத்தில் வந்தவர் என்றால் இந்திய அல்லது இலங்கைப் போலீஸ் சான்றிதழும் கேட்கலாம்.

4. பள்ளிப் படிவம்: கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள்

இங்கிலாந்துத் திருச்சபைப் பள்ளிகள் அரசுப் பள்ளிகள்தான், கட்டணம் இல்லை. எல்லாத் திருச்சபைப் பள்ளியும் ஆராதனை வருகையைப் பார்ப்பதும் இல்லை. ‘வாலன்டரி எய்டட்’ வகைப் பள்ளியில் சேர்க்கை விதியைப் பள்ளி நிர்வாகக் குழுவே எழுதும், ‘வாலன்டரி கன்ட்ரோல்ட்’ வகையில் உள்ளூர் கவுன்சில் (உள்ளாட்சி) எழுதும். ஒவ்வொரு பள்ளியின் தளத்திலும் அந்த வருடத்து அட்மிஷன் பாலிசி இருக்கும். அதை வரிவரியாகப் படிக்காமல் ஆலயத்தை மாற்றாதீர்கள், வீட்டையும் மாற்றாதீர்கள். எந்த ஆலயத்துக்குப் போனாலும் வருகை கணக்காகும் என்று சில பள்ளிகள் சொல்லும். சில பள்ளிகள் பெயர் குறிப்பிட்ட பாரிஷ்களை மட்டும் ஏற்கும். மாதம் இரண்டு ஞாயிறா, ஒரு வருடமா, இரண்டு வருடமா என்பதும் பள்ளிக்குப் பள்ளி மாறும்.

கடைசித் தேதிகள் இங்கிலாந்து முழுக்க ஒன்று. ஆரம்பப் பள்ளிக்கு ஜனவரி 15, மேல்நிலைக்கு அக்டோபர் 31. இடம் கிடைத்ததா என்பது முறையே ஏப்ரல் 16, மார்ச் 1 வாக்கில் தெரியும்.

இப்போது கணக்கு. பிள்ளை 2028 செப்டம்பரில் ஆரம்பப் பள்ளியின் தொடக்க வகுப்பான ரிசப்ஷனில் சேர வேண்டும், பள்ளி இரண்டு வருட வருகை கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசித் தேதி 2028 ஜனவரி 15. ஆக 2026 ஜனவரியிலிருந்து வருகை ஓட வேண்டும். அப்போது பிள்ளைக்கு இரண்டு வயதுகூட ஆகியிருக்காமல் இருக்கலாம். மூன்றரை வயதில் போய் விக்கரிடம் கையெழுத்துக் கேட்டால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். ஊரிலிருந்து கொண்டுவந்த வருகைக் கடிதம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கும். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு முந்தைய ஆலயத்தின் வருகையையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகள் பல உண்டு.

படிவம் இரண்டு. ஒன்று, நீங்கள் குடியிருக்கும் கவுன்சிலுக்கு இணையத்தில் அனுப்பும் பொது விண்ணப்பம். மற்றொன்று, பள்ளிக்கு நேரடியாகத் தரும் துணைப் படிவம், எஸ்.ஐ.எஃப். என்பார்கள். அதில்தான் விக்கர் கையெழுத்து. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிற பெற்றோர் ஒவ்வொரு வருடமும் உண்டு. துணைப் படிவம் இல்லையென்றால் நீங்கள் வாரம் தவறாமல் ஆலயம் போனதே கணக்கில் வராது, மற்ற எல்லாரோடும் சேர்த்து வீட்டுத் தூரம் பார்த்துத்தான் வரிசைப்படுத்துவார்கள்.

விக்கர் தான் பார்த்ததை மட்டும்தான் எழுதுவார். சில ஆலயங்களில் நுழைவாயிலில் ஒரு வருகை நோட்டு அல்லது அட்டை வைத்திருப்பார்கள், கேட்டுத் தெரிந்துகொண்டு முதல் நாளிலிருந்தே கையெழுத்திடுங்கள். ஊருக்கு ஆறு வாரம் லீவில் போகும்போது அங்கே போகும் ஆலயத்திலும் ஒரு வரி எழுதி வாங்கிவாருங்கள். டிசம்பரில் விக்கரைப் பிடிக்க முடியாது, கிறிஸ்மஸ் வேலை தலைக்கு மேல் இருக்கும். நவம்பருக்குள் கையெழுத்தை முடித்துவிடுங்கள். படிவத்தை நகல் எடுத்துக்கொண்டு, பள்ளியில் பெற்றுக்கொண்டதற்கு ஒரு மின்னஞ்சலும் வாங்குங்கள்.

காணிக்கை கொடுத்தால் இடம் கிடைக்கும், ஆலயத்தில் பூ அலங்காரம் செய்தால் புள்ளி கூடும் என்றெல்லாம் வாட்சப்பில் வரும். நம்பாதீர்கள். அரசின் சேர்க்கை விதித்தொகுப்பு இரண்டையும் தடைசெய்கிறது.

5. கல்யாணம்

இதற்குத்தான் அதிகம் எழுத வேண்டும்.

உரிமை யாருக்கு. இருவரில் ஒருவர் பாரிஷ் எல்லைக்குள் குடியிருந்தாலோ, அந்த ஆலயத்தின் எலெக்டோரல் ரோலில் பெயர் இருந்தாலோ அங்கே கல்யாணம் செய்யலாம். 2008-ல் வந்த சட்டப்படி இன்னும் சில தொடர்புகளும் செல்லும்: அந்த பாரிஷில் ஞானஸ்நானம் பெற்றிருத்தல், எப்போதாவது ஆறு மாதம் அங்கே குடியிருந்திருத்தல், ஆறு மாதம் வழக்கமாக ஆராதனைக்கு வந்திருத்தல், அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ அங்கே கல்யாணம் செய்திருத்தல். மாப்பிள்ளையோ பெண்ணோ இந்துவாக இருப்பது தடையில்லை. ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. விவாகரத்து ஆனவர் என்றால் மட்டும் விக்கரின் மனசாட்சிக்கு விட்டிருக்கிறார்கள், அவர் மறுக்கலாம். இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பெற்றோர் சம்மதித்தாலும் 16, 17-ல் முடியாது.

ஓலையா (ஆலயத்தில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு), ரெஜிஸ்டர் ஆபீஸா. இருவரும் பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடிமக்கள் என்றால், ஐரோப்பிய நாட்டவராய் இருந்து இங்கே தங்கும் உரிமையான செட்டில்டு, ப்ரீ-செட்டில்டு நிலை பெற்றிருந்தாலும் சரி, நம் ஊர் மாதிரியே மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை பாரிஷ், பெண் பாரிஷ், கல்யாணம் நடக்கும் ஆலயம் எல்லாவற்றிலும் வாசிக்க வேண்டும். மற்ற பாரிஷில் வாசித்ததற்குச் சான்றிதழ் வாங்கிக் கல்யாண ஆலயத்தில் கொடுக்க வேண்டும். வாசித்து முடித்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்க வேண்டும். சீக்கிரம் முடித்துவிடுவோம் என்று ஆறு மாதம் முன்பே வாசித்தால் செல்லாது.

ஒருவர் கையில் இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட் மட்டும் இருந்தால் கதை வேறு. 2015 மார்ச் 2-லிருந்து அந்த ஜோடிக்கு ஓலையும் கிடையாது, ஓலைக்குப் பதிலாகத் திருமண்டலப் பதிவாளர் தரும் சாதாரண லைசென்ஸும் கிடையாது. நிரந்தர வதிவிடம், அதாவது ஐ.எல்.ஆர். இருந்தாலும் இதே நிலைதான். இங்கே பத்து வருடம் இருந்தவர்களும் இதில் தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஐ.எல்.ஆர். இருந்தால் ஹோம் ஆபீஸ் (உள்துறை) சோதனைக்கு அனுப்பமாட்டார்கள், அவ்வளவுதான் சலுகை. கவுன்சிலின் ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்யப்போகிறோம் என்று நோட்டீஸ் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

வரிசை முக்கியம். முதலில் விக்கர், பிறகு ரெஜிஸ்டர் ஆபீஸ். காரணம் இரண்டு. ரெஜிஸ்டர் ஆபீஸ் சான்றிதழ் வைத்து ஆலயத்தில் கல்யாணம் செய்ய விக்கரின் சம்மதம் சட்டப்படி தேவை. நோட்டீஸில் எந்த ஆலயம் என்று எழுதிவிடுவார்கள். பிறகு ஆலயத்தை மாற்றினால் நோட்டீஸ் புதிதாக, கட்டணமும் புதிதாக.

நோட்டீஸ் கொடுக்கப் போகும்போது. அந்த மாவட்டத்தில் குறைந்தது ஏழு நாள் குடியிருந்திருக்க வேண்டும். குடிவரவுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர் ஒருவர் இருந்தால் இருவரும் சேர்ந்தே போக வேண்டும். பாஸ்போர்ட், முகவரிச் சான்று, இ-விசா ஷேர் கோட் (உங்கள் விசா நிலையை இணையத்தில் காட்டும் குறியீடு), பாஸ்போர்ட் அளவுப் படங்கள், முன் திருமணம் இருந்தால் அதன் முடிவுக்கான ஆவணம். எல்லாம் மூலப் பிரதி. போனில் காட்டும் படம் செல்லாது. முகவரிச் சான்று எத்தனை நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதை முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள், இதில்தான் நிறையப் பேரைத் திருப்பி அனுப்புகிறார்கள். கட்டணம் ஒருவருக்கு 42 பவுண்டு, ஹோம் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டியவர்களுக்கு 57. இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து மற்றவரின் பிறந்த தேதி, வேலை எல்லாம் கேட்பார்கள். வீட்டில் பேசி நிச்சயித்த கல்யாணம் என்றால் கூச்சப்படாமல் அப்படியே சொல்லுங்கள், அதில் குற்றம் ஒன்றுமில்லை.

காத்திருப்பு 28 நாள். சந்தேகம் வந்தால் ஹோம் ஆபீஸ் அதை 70 நாளாக நீட்டும். அந்த 70 நாளையும் சேர்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும். உதாரணமாகப் பெண் பியான்சே விசாவில் (இங்கே வந்து கல்யாணம் செய்ய இருப்பவருக்கான விசா) மார்ச் 1 இறங்குகிறாள். ஏழு நாள் குடியிருந்து மார்ச் 9-ல் நோட்டீஸ் என்று வையுங்கள், அதுவும் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தால். 28 நாள் என்றால் ஏப்ரல் 7-லிருந்து கல்யாணம் செய்யலாம். 70 நாள் ஆகிவிட்டால் மே 19. ஆகவே ஜூன் முதல் சனிக்கிழமைக்கு மண்டபம் பேசுவது பாதுகாப்பு, ஏப்ரல் கடைசிக்குப் பேசுவது சூதாட்டம். அந்த விசா ஆறு மாதம்தான், அதற்குள் கல்யாணமும் முடிந்து ஸ்பவுஸ் விசா விண்ணப்பமும் போயிருக்க வேண்டும். சாதாரண விசிட்டர் விசாவில் வந்து கல்யாணம் செய்யவோ நோட்டீஸ் கொடுக்கவோ முடியாது. அதற்கென்று மேரேஜ் விசிட்டர் விசா தனியாக இருக்கிறது, அதில் வந்தால் இங்கே தங்கிவிட முடியாது, திரும்பிப் போக வேண்டும்.

நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். இருவருடைய சான்றிதழும் வந்ததும் நேராக விக்கர் கையில் கொடுங்கள். கல்யாண நாள் காலையில் பட்டுப்புடவைப் பெட்டிக்குள் தேடும் நிலை வேண்டாம். ஊரில் பெரியவர்கள் ‘ஓலை வாசிச்சாச்சா?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சட்டத்துக்கு இனி தேவையில்லை. அவர்கள் திருப்திக்காக ஞாயிறு ஆராதனையில் ஜோடிக்காக ஒரு ஜெபம் செய்யச் சொல்லி விக்கரைக் கேட்கலாம்.

செலவு. ஆலயக் கட்டணம் இங்கிலாந்து முழுக்க ஒரே தொகை, திருச்சபையே வருடாவருடம் நிர்ணயிக்கிறது, ஜனவரி 1-ல் மாறும். 500 பவுண்டுக்கு மேல் வரும். அதில் ஒரு பங்கு திருமண்டல நிதிக் குழுவுக்கு, ஒரு பங்கு பாரிஷுக்கு. விக்கருக்குத் தனியாகக் கவர் கொடுக்க வேண்டியதில்லை, கொடுத்தால் சங்கடப்படுவார். ஆர்கன் வாசிப்பவர், பாடகர் குழு, மணி அடிப்பவர்கள், வீடியோ அனுமதி எல்லாம் தனிக் கணக்கு, ஆலயத்துக்கு ஆலயம் வேறுபடும். வீடியோ எடுத்தால் ஆர்கன் வாசிப்பவருக்கு இரட்டிப்புத் தொகை கேட்கும் வழக்கமும் உண்டு. மொத்தத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

நேரம். காலை 8 மணிக்கு முன்போ மாலை 6-க்குப் பின்போ நடத்தக்கூடாது. ராகுகாலம் பார்க்காவிட்டாலும் ‘கொஞ்சம் லேட்டா ஆரம்பிக்கலாம்’ என்று இழுப்பது நம் பழக்கம். நாலரை மணி ஆராதனைக்கு அது சரிவராது.

ஊர் ஆயரைக் கூட்டிவருவது. குடும்ப ஆயரே நடத்தட்டும் என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். வெளிநாட்டில் அபிஷேகம் பெற்ற ஆயர், சி.எஸ்.ஐ. ஆயரும் இதில் அடக்கம், இங்கே கல்யாணத்தை நடத்த 1967-ம் வருடச் சட்டப்படி ஆர்ச்பிஷப்பின் அனுமதி தேவை. விக்கர் வழியாகப் பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். எளிய வழி, பொருத்தனையும் (ஜோடி சொல்லும் உறுதிமொழி) சட்டப் பகுதியும் விக்கர் நடத்த, ஊர் ஆயர் தமிழில் ஒரு ஜெபமும் செய்தியும் தருவது. தாலி கட்டுவது, தமிழ்ப் பாமாலை பாடுவது எல்லாம் விக்கரோடு பேசி முடிவு செய்துகொள்ளலாம். பொருத்தனை வார்த்தைகளை மட்டும் மாற்றக்கூடாது.

கையெழுத்தும் சான்றிதழும். 2021 மே 4-லிருந்து ஆலயத்தில் பழைய பெரிய பதிவேடு கிடையாது. ஒரு திருமண ஆவணத்தில் ஜோடி, இரண்டு சாட்சிகள், விக்கர் கையெழுத்திடுவார்கள். அம்மா பெயரும் தொழிலும் இப்போது அதில் உண்டு. அச்சடிப்பதற்கு முன் பெயர், இனிஷியல், அப்பா அம்மா பெயர் எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பின்னால் திருத்துவது பெரும்பாடு.

அந்த ஆவணம் 21 நாளுக்குள் ரெஜிஸ்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும். யார் கொண்டுபோவது என்பதை அன்றைக்கே பேசிவிடுங்கள். அங்கே பதிந்த பிறகுதான் சட்டப்படியான சான்றிதழ், பிரதிக்கு 12.50 பவுண்டு. ஆலயத்தில் பூப்போட்ட அட்டையில் தருவது ஞாபகத்துக்கு மட்டும், விசா அலுவலகம் அதைத் தொடாது. மூன்று பிரதியாவது வாங்குங்கள்: விசாவுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, வீட்டில் ஒன்று. இந்தியாவில் காட்ட வேண்டியதற்கு, ஆவணம் உண்மையானது என்று அரசு தரும் அபோஸ்டில் முத்திரையும் வேண்டும்.

6. தமிழ் ஜெபக்கூட்டத்துக்கு ஹால்

ஐந்தாறு குடும்பம் சேர்ந்ததும் மாதம் ஒருமுறை தமிழில் கூடலாம் என்று தோன்றும். பாரிஷ் ஹாலை வாடகைக்குத் தருவது பி.சி.சி.யின் முடிவு, கூட்டம் மாதத்துக்கு ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோதான் கூடும், அதனால் பதில் வரத் தாமதமாகும். பொதுப் பொறுப்புக் காப்பீடு, பிள்ளைகள் பாதுகாப்புக் கொள்கை, பொறுப்பாளர் ஒருவர் பெயர் கேட்பார்கள். ஹாலுக்கும் ஆலயத்துக்கும் விதி வேறு. ஆலயத்துக்குள் வேறு சபை தன் ஆராதனையைத் தொடர்ந்து நடத்துவதென்றால் பேராயர் வரை சம்மதம் போகும்.

சாப்பாடு உண்டா, சமையலறையில் தாளிக்கலாமா, எத்தனை மணிக்குக் கதவைப் பூட்ட வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். தாளித்த புகையில் தீயணைப்பு அலாரம் அடித்தால் அழைப்புக் கட்டணத்தை யார் கட்டுவது என்பதையும்.